தள்ளி நட்ட மைல்கல்

அருணாசலத்தின் பதினாறாம் நாள் விசேஷத்தில், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் அவருடைய மச்சினன் ஆவுடைநாயகம் சித்ரலேகாவைப் பின்வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அத்தான் கணக்குல மைலு எவ்வளவு கெடக்கு?"

சித்ரலேகா இறந்தவரின் மகள். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கருவிப் பிரிவு இன்ஜினியர். அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் என்று எதையாவது அளந்து எழுதி வைக்கிற உத்தியோகம். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்கு மேல் ஒரு சொல் வராது.

"தெரியாது மாமா."

"தெரியாதுன்னா எப்பிடிளா? ஆளு போயாச்சுன்னு ஏரோப்ளேன் கம்பெனிக்குத் தெரிஞ்சா மொத்தத்தையும் அழிச்சிருவான். செத்தவன் மைலு செல்லாது, ரூல்சு அப்பிடி. அதுக்குள்ள எடுத்துரணும் பாத்துக்க. எனக்காகக் கேக்கல. ஒங்க அத்தைக்குச் சிங்கப்பூர்ல ஒரு முருகன் கோயில்ல வேண்டுதல் கெடக்கு."

பதினாறு நாளுக்கு முன்னால் அந்த வேண்டுதல் இல்லை. கருப்பந்துறைச் சுடுகாட்டில் மாமா தேம்பித் தேம்பி அழுததைச் சித்ரலேகா பார்த்திருந்தாள். அந்த அழுகையில் பொய் இல்லை. இதிலும் பொய் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் இடிபடாமல் இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மைல் என்பது இதுதான். கிரெடிட் கார்டில் செலவு செய்தால் வங்கி புள்ளி கொடுக்கும். அந்தப் புள்ளியை விமானக் கம்பெனிக்கு மாற்றினால் அதற்கு மைல் என்று பெயர். போதுமான மைல் சேர்ந்தால் டிக்கெட் ஓசி. தூரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் நெடுஞ்சாலைத் துறையில் ரோடு இன்ஸ்பெக்டராக இருந்த ஒருவரிடம் அந்த வார்த்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தது வங்கிக்காரர்களின் அதிர்ஷ்டம்.

அம்பாசமுத்திரம் ரோட்டிலும் பாபநாசம் ரோட்டிலும் நிற்கிற கிலோமீட்டர் கற்களில் பாதி அருணாசலம் நட்டவை. பத்தடி தள்ளி நட்டிருந்தால் சங்கிலியைப் பிடித்து அளந்து, பிடுங்கி மறுபடி நடச் சொல்வார். மணிமுத்தாறு விலக்குப் பக்கம் ஒரு பெரிய மனிதர், தன் பண்ணை வீட்டு வாசலை மறைக்கிறது என்று ஒரு கல்லை நகர்த்தி வைக்கச் சொன்னார். "கல்லு நகர்ந்தா ஊரே நகர்ந்த மாதிரிய்யா" என்று சொல்லிவிட்டு அருணாசலம் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகிப் போனார். இரண்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்தார். அந்தக் கல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. அவர் வாழ்க்கையில் பெருமைப்பட ஏதாவது உண்டென்றால் அது ஒன்றுதான் என்பது சித்ரலேகாவின் கணக்கு.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், வண்ணார்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருந்த ஒருவன் அவர் தலையில் முதல் கார்டைக் கட்டினான். சேர்ந்தவுடன் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று இலவசம். தொண்ணூறு நாளில் ஐம்பதாயிரம் ரூபாய் செலவழித்தால் பத்தாயிரம் மைல் இலவசம். வருஷத்துக்கு மூன்று லட்சம் தாண்டினால் 'மைல்ஸ்டோன் பெனிஃபிட்' என்று இன்னும் கொஞ்சம். அந்த வார்த்தையில்தான் அவர் விழுந்தார்.

"முப்பத்து மூணு வருசம் ஊருக்குக் கல்லு நட்டேன். இப்பதான் ஒருத்தன் எனக்கு நடுதான்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

பெட்டியின் சக்கரம் ஒரு மாதத்தில் கழன்றது. கார்டு கழலவில்லை. ஒன்று இரண்டாகி, மனைவி பேரில் ஒன்று, மகள் பேரில் ஒன்று என்று ஏழாயிற்று. வருஷச் சந்தாவைத் தள்ளுபடி செய்ய மறுத்தால் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, "ஐ வில் குளோஸ் தி கார்டு" என்று இங்கிலீஷில் மிரட்டுவார். அவர்கள் பயந்துபோய்த் தள்ளுபடி செய்வதாக நம்பினார்.

பென்ஷன்காரர் மூன்று லட்சத்துக்கு எங்கே செலவழிப்பார்? மேலப்பாளையத்தில் முகம்மது மைதீன் வைத்திருந்த சிமெண்டுக் கடையில் போய் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வீடு கட்டுகிறவர்கள் கொண்டுவரும் ரொக்கத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் பில்லுக்குத் தன் கார்டைத் தேய்த்தார்.

மைதீன் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க தேய்க்கத் தேய்க்க மெஷின்காரன் எங்கிட்ட நூத்துக்கு ரெண்டு பிடிக்கான். ஒங்க ஏரோப்ளேனுக்கு நான் எதுக்கு வே பெட்ரோல் ஊத்தணும்?"

அந்த இரண்டு ரூபாயை அருணாசலமே கொடுப்பதாக ஏற்பாடு. ஆக, ஓசி மைலுக்கு அவர் கையை விட்டுக் காசு போனது. சித்ரலேகா ஒருமுறை இதைத் தாளில் போட்டுக் காட்டினாள். அவர் தாளைத் திருப்பி, பின்பக்கம் எதுவும் எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்.

ஆயுளில் ஒரே ஒரு முறை விமானம் ஏறினார். நடராஜ், அவர் மகன், அமெரிக்கா போனபோது வழியனுப்பச் சென்னை போய்விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பினார். கார்டு இருந்தால் விமான நிலைய லவுஞ்சில் இரண்டு ரூபாய்க்குச் சாப்பாடு. அதற்காக ஐந்து மணி நேரம் முன்னால் போனார். நாலு இட்லி, ஒரு வடை, மூன்று காப்பி. சட்டைப் பையில் இரண்டு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். "ஆயிரத்து நூறு ரூவா சாப்பாடுளா" என்றார். நெல்லை ஜங்ஷனில் எழுபது ரூபாய் என்று சித்ரலேகா சொன்னாள்.

இவ்வளவும் எதற்கு? சொர்ணாம்பாளுக்காக. அவர் மனைவிக்கு முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடது கால் மரத்துவிடும். டல்லாஸில் நடராஜுக்குப் பிறந்த பையனுக்கு ஆறு வயது. சொர்ணாம்பாள் அவனைப் போனில் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. பத்து வருஷ விசா பெட்டியில் கிடந்தது. அருணாசலத்தின் திட்டம், அவளை பிசினஸ் கிளாஸில் அனுப்புவது. "படுத்துக்கிட்டே போலாம். நெல்லை எக்ஸ்பிரஸ் லோயர் பெர்த்து மாதிரி. நீட்டி மடக்கிக்கிடலாம்."

டிக்கெட்டைத் தானே வாங்கித் தருவதாகச் சித்ரலேகா சொன்னாள். நடராஜும் சொன்னான். "ஓசியில கெடைக்கிறதுக்குக் காசு குடுக்கதுக்கு ஒங்கள நான் படிக்க வைக்கல" என்று பதில் வந்தது.

ஆரம்பத்தில் ஒரு லட்சத்து இருபதாயிரம் மைல் வேண்டியிருந்தது. அது சேர்ந்த நேரத்தில் ஒரு நாள் மத்தியானம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். "கல்லைத் தள்ளி நட்டுட்டான். இப்ப ஒரு லட்சத்து அறுபது கேக்கான்." அதுவும் சேர்ந்தது. மறுபடி தள்ளி நட்டார்கள், இரண்டு லட்சத்துப் பத்து. அப்புறம் இரண்டு அறுபது. கடைசியாக மூன்று முப்பது.

"நீங்க போற ரோட்டுக்கு முடிவே கெடையாதுப்பா. ஏமாத்துதான்னு தெரிஞ்சும் போறிய" என்று சித்ரலேகா கேட்டாள்.

"பைய சேரும்ளா" என்றார்.

சேரவில்லை. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி முகத்துக்குச் சவரம் முடிந்திருந்தபோது குளியலறை வாசலில் விழுந்தார். சித்ரலேகா கூடங்குளத்திலிருந்து வந்து சேர்ந்தபோது மீதிப் பாதி முகத்தில் சோப்பு காய்ந்திருந்தது. அதை அவள்தான் துடைத்தாள். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் நடராஜால் வர முடியவில்லை. சுடுகாட்டை யாரோ பிடித்த போனில் பார்த்தான். எல்லாம் முடிந்து வந்து சித்ரலேகா குளித்து முடித்தபோது அப்பாவின் போனில் வங்கிச் செய்தி: இன்னும் 12,400 ரூபாய் செலவழித்தால் அடுத்த மைல்ஸ்டோனை எட்டிவிடுவீர்கள், வாழ்த்துகள்.

அன்றிலிருந்து சொர்ணாம்பாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நடராஜை ஒரு தடவை பாத்துரணும்." யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள்.

மாமாவை அனுப்பிவிட்டுச் சித்ரலேகா அப்பாவின் போனையும் தன் மடிக்கணினியையும் எடுத்து வைத்தாள். விமானக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தாள். ஓடிபி வந்தது. அப்பா இருந்தால் அந்த ஆறு எண்ணையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கத்துவார். அவள் சத்தமில்லாமல் அடித்தாள்.

கணக்கில் இருந்த பெயர்: சொர்ணாம்பாள் அருணாசலம்.

மனைவி பேரில் சேர்ந்தால் ஐயாயிரம் மைல் கூடுதல் என்று என்றைக்கோ ஒரு சலுகை வந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்கே மாற்றியிருந்தார். செத்தவன் மைல் செல்லாது என்ற விதி இதில் ஒட்டாது. இருப்பு 3,12,000.

டல்லாஸுக்குப் படுத்துக்கொண்டு போக என்ன கேட்கிறான் என்று போட்டுப் பார்த்தாள். ஒரு லட்சத்து ஐம்பத்தைந்தாயிரம்.

தேதியை மாற்றிப் போட்டாள். அதே எண். மூன்று லட்சத்து முப்பதாயிரம் எங்கேயும் இல்லை. போகவும் வரவும் சேர்த்தே இருப்புக்குள் அடங்கியது. ஆறு வருஷத்தில் அந்தக் கம்பெனி விலையை ஒரே ஒரு தடவைதான் ஏற்றியிருந்தது.

வேலை செய்யும் இடத்தில் இயந்திரம் ஒன்று நின்றுவிட்டால் முதலில் பதிவேட்டைப் பார்ப்பார்கள், கீழிருந்து மேலாக. அவள் கணக்கின் நடவடிக்கைப் பட்டியலைத் திறந்து அப்படியே பார்த்தாள். 2019 டிசம்பர்: சென்னை, டல்லாஸ், பிசினஸ், ஒரு நபர், பதிவு. மறுநாள்: ரத்து, மைல் திரும்பியது. 2022 ஜூன்: பதிவு. மறுநாள் ரத்து. 2023. 2025. நாலு தடவை. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் கட்டணம் இல்லை. ஒரு தடவைகூட அவர் கட்டணம் கொடுத்திருக்கவில்லை.

அளப்பதையே தொழிலாக வைத்திருந்த அவள் இந்தப் பக்கத்தை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அப்பாவின் பைத்தியத்தைச் சரிபார்ப்பது தன் படிப்புக்குக் கேவலம் என்று இருந்துவிட்டாள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அம்மா படுத்திருந்த அறைக்குப் போனாள்.

"எம்மா. அப்பா ஒனக்கு நாலு தடவை டிக்கெட் போட்டிருக்காஹ. நாலையும் அழிச்சிருக்காஹ."

சொர்ணாம்பாள் திரும்பிப் படுத்தாள். "நாலா? நான் மூணுன்னுல்லா நெனச்சேன்."

சித்ரலேகா தரையில் உட்கார்ந்தாள். "தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம? போட்டுட்டா அன்னைக்கு ராத்திரி தூங்க மாட்டாஹ. பொரண்டு பொரண்டு படுப்பாஹ. மறுநா மத்தியானம் வந்து கல்லைத் தள்ளி நட்டுட்டாம்பாஹ. சொல்லிட்டு, ரெண்டு தடவ சோறு வாங்கித் திம்பாஹ. ஏரோப்ளேன்காரன் ஏமாத்துனா எவனுக்காவது அப்பிடிப் பசிக்குமா?"

"கேக்க வேண்டியதானே?"

"என்னத்தக் கேக்க? போனா ஆறு மாசம். இங்கன அவுஹளுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாது. காலையில முழிச்சதும் ஏ சொர்ணம்னு ஒரு சத்தம் குடுக்கணும், நான் என்னன்னு கேக்கணும். வேற சோலி ஒண்ணுங் கெடையாது, சும்மா கூப்பிடுதது. நீ போவாதன்னு சொல்ல வாய் வராது. அதான் மைலு, கல்லுன்னு."

"ஒனக்குப் பேரனப் பாக்கணும்னு இல்லையா?"

"இருந்துச்சு."

"கோவம் வரல?"

"வராம என்ன. அன்னைக்கெல்லாம் ரசத்துல உப்பு அள்ளிப் போட்டுருவேன். ஒண்ணுஞ் சொல்லாமக் குடிப்பாஹ." சொர்ணாம்பாள் மூக்கைச் சேலையில் துடைத்தாள். "ஊரான் வாசல்ல ஒரு கல்லத் தள்ளி வைக்கமாட்டேன்னு சங்கரன்கோவிலுக்குப் போன மனுசன். பெரிய அரிச்சந்திரன். எங்கிட்ட மட்டும் நாலு கல்லு."

சித்ரலேகாவுக்கு அப்பாவைத் திட்ட வேண்டும் போல இருந்தது. மைதீன் கடையில் எட்டு வருஷம் ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவை அனுப்பாமல் இருப்பதற்காகவே மைல் சேர்த்த மனிதரை. திட்டுவதற்கு ஆள் இல்லை. திரையில் இருந்த தேதிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் கலங்கின.

"சீட்டு இருக்காளா?" என்று அம்மா கேட்டாள்.

"அடுத்த மாசம் பதினாலு."

"போடு."

"வார டிக்கெட்டும் சேத்துப் போடட்டா? மைலு இருக்கு."

"போறதுக்கு மட்டும் போடு. வாரத அப்புறம் பாப்போம். இங்கன யாரு இருக்கா கூப்பிட."

வரிக்கு இருபத்தெட்டாயிரம் கேட்டான். அப்பாவின் கார்டு எதுவும் இனி வேலை செய்யாது. சித்ரலேகா தன் சம்பளக் கணக்கின் சாதா டெபிட் கார்டைப் போட்டாள். புள்ளி, மைல், சலுகை ஒன்றும் கிடையாது. பணம் போனதும் ஒரு கட்டம் குதித்து வந்தது: இந்தப் புதிய கார்டுக்கு இன்றே விண்ணப்பித்தால் பத்தாயிரம் மைல். மூடினாள்.

அந்த நேரம் பார்த்து ஆவுடைநாயகம் மறுபடி வந்தார். மறந்து வைத்த குடையை எடுக்க வந்தாராம்.

"பாத்தியா மைல?"

"அது அம்மா பேர்ல இருக்கு மாமா. அப்பா பேர்ல ஒண்ணுமில்ல."

"அக்கா பேர்லயா?" கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்ணும் அவசரமில்ல."

அறைக்குள்ளிருந்து சொர்ணாம்பாள், "ஏலே, குடைய எடுத்துக்கிட்டுப் போ" என்றாள்.

அன்றிரவு அருணாசலத்தின் போனைச் சொர்ணாம்பாள் வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ரத்து செய்ய வேண்டுமென்றாலும் அந்தப் போனுக்குத்தான் ஓடிபி வரும். மறுநாள் காலையில் அது தலையணைக்கு அடியிலேயே இருந்தது. மத்தியானம் ரசம் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கேட்டாள். "எத்தன மணிக்குளா போட்ட?"

"அஞ்சு நாப்பது."

"அப்ப ஒரு நாளு கழிஞ்சிட்டா?"

"கழிஞ்சிட்டும்மா."

சொர்ணாம்பாள் போனைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மகளிடம் கொடுத்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நின்று, சக்கரம் கழன்ற அந்தப் பெட்டி எங்கே கிடக்கிறது என்று கேட்டாள்.