மூச்சை எங்கே விடுவது?

லண்டனில் நான் தாதியாக வேலை செய்யும் வார்டுக்கு அந்த அக்கா மறுபடியும் வந்திருந்தார். கிங்ஸ்பரி பகுதியில் இருப்பவர். ஜெர்மனியில் பல வருடம் வாழ்ந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக இங்கே மாறி வந்தவர். கோடையில் ஆஸ்துமா முற்றி வந்து தேறிப் போனவருக்கு, இப்போது அதே இழுப்பு.

இழுப்பு தணிந்த பிறகு, தமிழ் தெரியாத எங்கள் இளம் டாக்டர், வீட்டில் மருந்தை ஒழுங்காக எடுக்கிறாரா என்று அக்காவிடம் என்னைக் கேட்கச் சொன்னார்.

"ஓம் தங்கச்சி. காலமையும் பின்னேரமும். ஒருநாளும் விடேல்லை."

பொய் சொல்லும் ஆளாகத் தெரியவில்லை. ஒழுங்காக எடுத்தும் இழுப்பு குறையவில்லை என்றால் அடுத்ததாக மருந்தைக் கூட்டுவதுதான் வழக்கம். டாக்டரும் அதற்குத்தான் தயாரானார். எனக்கு என்னவோ அவர் மருந்து எடுப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"எப்பிடி எடுக்கிறனீங்கள் எண்டு ஒருக்காக் காட்டுங்கோ அக்கா."

கைப்பையிலிருந்து வட்டமான இன்ஹேலரை எடுத்தார். அதில் மருந்து தூளாக இருக்கும். நாம் வேகமாக இழுத்தால்தான் நெஞ்சுக்குள் போகும். அக்கா மூடியைத் திறந்து, விசையைத் தள்ளி, நிமிர்ந்து உட்கார்ந்து அதை வாயில் வைத்தார். பிறகு நெஞ்சிலிருந்த மூச்சு முழுவதையும் அதற்குள்ளேயே ஊதினார். அதன் பின் ஆழமாக இழுத்தார்.

டாக்டர் குனிந்து, "ஊதினாரா?" என்றார்.

"ஏன் அக்கா அதுக்குள்ள ஊதினனீங்கள்?"

"போனமுறை ஆஸ்பத்திரியில அப்பிடித்தானே சொன்னவை? முதல்ல மூச்சை வெளியில விட்டிட்டு இழுங்கோ எண்டு."

சொன்னது சரிதான். எங்கே விடுவது என்பதை யாரும் சொல்லவில்லை. இத்தனை நாளும் தூளின் பெரும்பகுதி நெஞ்சுக்குப் போகாமல் ஊதலிலேயே வீணாகியிருக்கிறது.

அன்று தேநீர் நேரத்தில் ஒரு வெற்று இன்ஹேலரை மேசையில் வைத்து, நோயாளிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று வந்தவர்களையெல்லாம் கேட்டோம். தாதிகள் பலரும், "மூச்சை வெளியே விடுங்கள்" என்பதோடு நிறுத்தினார்கள். ஒரு பெரிய டாக்டர், குலுக்கி எடுக்கும் ஸ்பிரே வகை என்று நினைத்து அதைக் குலுக்கிவிட்டு, தானே சிரித்தார். ஆஸ்துமா கிளினிக் தாதி மட்டும், "முகத்தைத் திருப்பி வெளியே மூச்சை விடுங்கள்" என்றார்.

அக்காவுக்கு அதையே சொல்லிக் காட்டினேன். மருந்தைக் கூட்டாமலே வீட்டுக்கு அனுப்பினோம். பிறகு கிளினிக்குக்கு வந்தபோது, "இப்ப ராவில இருமலே இல்லை, நல்லா நித்திரை கொள்ளுறன்" என்றார்.

இளம் டாக்டர் அதன் பிறகு எல்லா நோயாளிகளையும் செய்துகாட்டச் சொல்லத் தொடங்கினார். ஒருநாள் சற்று ஏமாற்றத்தோடு வந்தார்.

"கடைசிக் கட்டிலில் இருப்பவர் எல்லாம் சரியாகச் செய்கிறார். ஆனாலும் இழுப்பு குறையவில்லை."

"அப்படியென்றால்?"

"காரணம் வேறு. பறவைத் தூசியும் இழுப்பைக் கிளப்பும்; வீட்டில் பறவை வளர்க்கிறாரா என்று கேட்டுப் பார்க்கிறேன்" என்று திரும்பிப் போனார்.