கழிப்பறைக் கதவில் ஒட்டிய தாள்

மலேசியாவில் கூலிம் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், இடுப்பில் படர்தாமரை வந்தது. எங்கள் பாடாங் மேஹாவில் கிலாங் பஸ் என்னும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினால் பன்னிரண்டு மணி நேரம் அனல் அடிக்கும் லைனில் நிற்க வேண்டும். காற்சட்டையின் எலாஸ்டிக் பட்டை வியர்வையில் நனைந்து உடம்பிலேயே காயும். முதலில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். ஓரம் தடித்திருந்தது, நடுவில் வெளுத்திருந்தது. லாக்கர் விளிம்பில் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றதை எங்கள் லைன் லீடர் பார்த்துவிட்டாள்.

என்னைவிட மூத்தவள், தமிழ்ப் பெண். நேரில் அக்கா என்பேன். எழுதும்போது அந்த மரியாதை வர மறுக்கிறது.

“இது குராப் லா, தங்கச்சி, படர்தாமரை. இதைப் போடு, மூணு நாள்ல ஓடிடும்” என்று ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தாள். மேலே பெயரில்லை, எழுத்தில்லை. லைனில் பாதிப் பேர் அவளிடம் வாங்கியிருந்தார்கள்.

மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நிறுத்திய வாரமே திரும்ப வந்தது. மறுபடியும் போட்டேன், அடங்கியது, மறுபடியும் வந்தது. இரண்டு மாதத்தில் தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. வட்டமாகக்கூட இல்லை, கலங்கிய சிவப்பாக, நடுநடுவே சீழ்ப்பொட்டோடு. தோல் மெலிந்து, பிள்ளை பெற்றவள் வயிற்றில் இருப்பதுபோல் கோடுகள் விழுந்தன.

கேண்டீனில் அவளிடம் போய் மெதுவாகத்தான் கேட்டேன். அவள் மெதுவாகப் பதில் சொல்லவில்லை.

“என் மருந்துமேல குத்தம் சொல்லாதே. எல்லாருக்கும் கேட்டுச்சே, உனக்கு மட்டும் ஏன் கேக்கல? துணியை ஒழுங்கா தொவைச்சுப் போடு. அழுக்கு உடம்புல எந்த மருந்தும் நிக்காது.”

நான்கு மேசை திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண் தன் தட்டை இரண்டு சாண் நகர்த்திக்கொண்டாள். அந்தத் தட்டு நகர்ந்த சத்தத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாளே லீவு போட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நம் பெண்தான், சின்ன வயது. தோலைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டு, டப்பாவைத் திறந்து பார்த்தார்.

“பதிவு எண்ணே இல்லையே! இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு நினைக்கிறேன். அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிடும். பூஞ்சையைக் கொல்லாது. நீங்க ஆறிடுச்சுன்னு நினைப்பீங்க, அது உள்ள நல்லா சாப்பிட்டுப் பரவும்.”

“இந்தக் கோடெல்லாம் போயிடுமா, டாக்டர்?”

அவர் டப்பாவை மூடி என்னிடம் நீட்டினார். “மங்கும். முழுசா போகாது.”

அழவில்லை. பழிவாங்க வேண்டும் என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்தேன். டப்பாவை அங்கிருந்த மருந்தாளரிடம் கொடுத்து, எங்கே வாங்கினேன், யார் கொடுத்தது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது போதவும் இல்லை.

டாக்டர் சொன்னதை எல்லாம் தமிழிலும் மலாயிலும் ஒரு தாளில் எழுதினேன். களிம்பை வாங்குமுன் பதிவு எண்ணைப் பார். கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு மெல்லியதாகப் பூசு. புண்ணுக்கு வெளியே இரண்டு விரல் அகலம் சேர்த்துப் பூசு. அரிப்பு நின்றதும் நிறுத்தாதே, சொன்ன நாள் வரைக்கும் போடு. பூசிய கையைக் கழுவு. துண்டை யாருக்கும் கொடுக்காதே. இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும், டாக்டரிடம் போ. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதினேன்: பெயரில்லாத வெள்ளை டப்பாவை யார் கொடுத்தாலும் வாங்காதே.

அவள் பெயரைப் போடவில்லை. தேவையும் இல்லை. பெண்கள் கழிப்பறையின் எட்டுக் கதவிலும் உள்பக்கம் ஒட்டினேன். உட்கார்ந்தால் படித்துத்தான் ஆக வேண்டும். மத்தியானம் அவள் நான்கைக் கிழித்தாள். மறுநாள் நான்கையும் திரும்ப ஒட்டினேன். இரண்டாம் முறை கிழிக்க அவள் வரவில்லை. அதற்குள் யாரோ ஒருத்தி தாளைப் படம் பிடித்து எல்லாருடைய கைப்பேசிக்கும் அனுப்பியிருந்தாள். டப்பா வாங்க ஆளில்லை.

டாக்டர் கொடுத்த களிம்பில் எனக்கு நாலு வாரத்தில் ஆறியது.

பிறகு ஒருநாள் உடைமாற்றும் அறையில் அவளே என் பக்கத்தில் வந்து நின்றாள். துடோங் முக்காடு அணியும் மலாய்ப் பெண்களைப்போல் கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். அவிழ்த்துக் காட்டினாள். என் தொடையில் இருந்த அதே கலங்கிய சிவப்பு, காது வரைக்கும் ஏறியிருந்தது.

“நானும் ரெண்டு வருஷமா அதைத்தான் போடறேன். நல்ல மருந்துன்னு நம்பித்தான் உங்களுக்கெல்லாம் கொடுத்தேன், தங்கச்சி. நீ எங்க போய்க் காட்டுனே? கொஞ்சம் சொல்லேன்.”

அவள் ஏமாற்றவில்லை, அவளும் ஏமாந்திருக்கிறாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் மனம் இளகவில்லை. அவள் முணுமுணுப்பாகக் கேட்டதற்கு நான் அவளுடைய கேண்டீன் குரலில் பதில் சொன்னேன்.

“கழுத்துல குராப்பா, அக்கா? கிளினிக்குக்குப் போங்க. டப்பாவையும் கொண்டு போங்க. நிறுத்துனதும் இன்னும் சிவக்கும். பயந்து திரும்பப் போட்டுடாதீங்க, டாக்டர் சொல்றபடி செய்ங்க. துணியைத் தொவைச்சு வெயில்ல காயப் போடுங்க.”

அறையில் இருந்த பத்துப் பேரும் திரும்பினார்கள். அவள் முகம் சிவந்து, துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அத்தனையும் அவளுக்கு நல்லது. இருந்தாலும் அவள் நன்மைக்காக நான் குரலை உயர்த்தவில்லை.

அவள் போனாள், காட்டினாள், ஆறிவிட்டது என்று கேள்வி. இப்போது வேறு பிரிவில் இருக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் திருப்பிக்கொள்வதில்லை. அவள் இறங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே வருவேன்.