மண் தின்ற மருமகள்

என் மாமியார் நான் மண் தின்றதைப் பார்த்துவிட்டார். துப்பியதைப் பார்க்கவில்லை. அந்தமானில், எங்கள் ரங்கத்தில் அந்தக் கோடையில் நடந்த கூத்து முழுவதற்கும் இதுதான் காரணம்.

முதலில் மண் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு அடியில் கிடக்கும் சேற்றைப் படிப்பது என் வேலை. கப்பலில் அந்தமான் கடலுக்குள் போய், நீளமான இரும்புக் குழாயைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்குவோம். அது தரையில் குத்தி இறங்கும். இழுத்து மேலே கொண்டுவந்தால் குழாய் நிறையச் சேறு. மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. அந்தச் சேற்றில் ரவையைவிடப் பொடியான ஓடுகள் கிடக்கும். ஒரு காலத்தில் அவற்றுக்குள் உயிர் இருந்தது, கடலில் மிதந்தது, செத்து அடியில் விழுந்தது. ஃபோராமினிஃபெரா என்று பெயர். நாங்கள் செல்லமாக ஃபோராம் என்போம். அது உயிரோடு இருந்தபோது கடல் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு உப்பாக இருந்தது என்பதை அந்த ஓட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். பர்மாப் பக்கம் மழை அடித்துப் பெய்தால் ஆற்றுத் தண்ணீர் வந்து விழுந்து இந்தக் கடலில் உப்பு குறையும். அப்படியே பின்னால் போய்ப் போய், நம் ஆட்கள் யாரும் பார்த்திராத காலத்து மழையைக் கணக்குப் போடுவோம்.

சேற்றைப் பல்லில் கடித்துப் பார்ப்பதும் இந்த வேலையில் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள். சுத்தமான களிமண் முன்பல்லுக்கு நடுவே வெண்ணெய் மாதிரி வழுக்கும். கொஞ்சம் வண்டல் கலந்திருந்தாலும் நறநறக்கும். இதை அளக்க மெஷின் இருக்கிறது, இல்லாமல் இல்லை. மெஷினுக்கு வரிசையில் நிற்க வேண்டும், பல் வாயிலேயே இருக்கிறது. எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊரறிந்த விஷயம்.

நான் போர்ட் பிளேரில் வளர்ந்தவள். அப்பா அங்கே அரசு குமாஸ்தா. படிப்பும் வேலையும் என்னை மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்விட்டன. கணவருக்கு ரங்கத்தில் அரசாங்க வேலை. லீவு கிடைக்கும்போதெல்லாம் நான் ஓடி வருவேன். “ஒருத்தி மெயின்லேண்டுல, ஒருத்தன் தீவுல. புள்ள என்ன கப்பல்லயா வரும்?” என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. முதல் சில வருஷங்கள் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் சென்னைக்கு வைத்தியத்துக்குப் போக ஆரம்பித்தோம். ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று அலையாய் அலைந்தோம். கடைசியில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இதற்கு மேல் உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் என்றார். அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “பார்க்கலாம்னு சொல்லியிருக்காங்க” என்று மட்டும் அத்தையிடம் சொன்னோம். அத்தை அந்தப் ‘பார்க்கலாமை’ப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அத்தை என்று நான் கூப்பிடுவது மாமியாரை. சின்னப் பெண்ணாக சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டி, மகனைப் படிக்கவைத்தவர். சுனாமிக்குப் பிறகுதான் ரங்கத்துக்கு வந்தார்கள். இன்னும் தேநீரை அவர் தேத்தண்ணி என்பார். கோபத்தில் எனக்குச் சளைத்தவர் இல்லை. காலையில் ஒரு சண்டை, சாயந்திரம் ஒரு சண்டை, ராத்திரி ஒரே தட்டில் சாப்பாடு. எங்கள் வண்டி அப்படித்தான் ஓடியது.

அந்த முறை லீவு கிடைக்க ஒரே வழி வேலையையும் கூட்டிக்கொண்டு வருவதுதான் என்றாகிவிட்டது. ஒரு பெட்டி நிறையச் சேற்றுப் பைகளும், சல்லடையும், பழைய மைக்ராஸ்கோப் ஒன்றும் கொண்டு வந்தேன். சேற்றைச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். களிமண் கரைந்து ஓடிவிடும், ஓடுகள் மட்டும் மிஞ்சும். கோடையில் ரங்கத்தில் குழாயில் தண்ணீர் வருவதே பெரிய விஷயம். அத்தை வாயில் வந்தபடி என்னைத் திட்டிக்கொண்டே, துணி துவைப்பதை நிறுத்திவிட்டு, ஒரு டிரம்மை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து ஓடுகளைப் பார்த்துவிட்டு, சவ்வரிசி மாதிரி இருக்கிறது, பாயசம் வைக்கலாம் என்றார்.

அன்று காலை ஒரு பையைத் திறந்தேன். சேறு பச்சையும் சாம்பலுமாக இருந்தது, அதில் ஓரிடத்தில் மட்டும் வெளிறிய கோடு. கப்பலில் எங்கள் கண்ணில் படாமல் போனது. சுமத்ரா பக்கம் எரிமலை வெடித்தபோது காற்றில் வந்து விழுந்த சாம்பலாக இருந்தால் எனக்கு அதிர்ஷ்டம்தான். அந்த வெடிப்பின் காலம் தெரியும் என்பதால், என் சேற்றுக்கு மொத்தமாக வயது சொல்லிவிடலாம். அலசி, காயவைத்து, பிறகு பார்ப்பதுதான் முறை. நான் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து, ஒரு சிட்டிகையைக் கிள்ளி முன்பல்லில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். கண்ணாடித்தூளைக் கடித்ததுபோல நறநறவென்றது. சாம்பலேதான். கண்ணை மூடியபடியே சிரித்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது, கோழிகளுக்குப் போடக் குருணை எடுத்து வந்த அத்தை கிண்ணத்தோடு அப்படியே திரும்பி உள்ளே போவது தெரிந்தது. அதற்குப் பிறகுதான் துப்பி வாய் கொப்பளித்தேன்.

மத்தியானம் இலையில் புளிக்குழம்பு, மாங்காய்ப் பச்சடி, எலுமிச்சை ஊறுகாய். தண்ணீர் வாளியைத் தூக்கப் போனால் அத்தை பிடுங்கிக்கொண்டார். சண்டை பிடிக்க வாயெடுத்தால் பதிலுக்குச் சண்டை வரவில்லை, சிரிப்பு வந்தது. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நான் வந்த நாளிலிருந்து கண் வைத்திருந்த பப்பாளிப் பழம், மரத்திலேயே மஞ்சளாகி நின்றது, அதைப் பறித்து வேலிக்கு அந்தப் பக்கம் பெங்காலிக்கார அம்மாவிடம் முழுசாகக் கொடுத்துவிட்டார். பப்பாளி விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. நேராக வேலிக்குப் போனேன், பாதியாவது திருப்பிக் கேட்க.

பெங்காலி அம்மா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி என் தாடையைத் தொட்டார். “பேட்டி, மிட்டி மத் கானா. இம்லி காவ்” என்றார். மண்ணைத் தின்னாதே மகளே, புளி தின்னு. நான் அப்படியே நின்றேன். மாங்காய், வாளி, சிரிப்பு, பப்பாளி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. சாம்பலும் மண்ணும் தின்ன ஆசை வருவது மசக்கைக்காரிக்கு. பப்பாளி ஆகாது என்பதும் மசக்கைக்காரிக்குத்தான். அத்தை பார்த்தது அதைத்தான்.

கோபம் தலைக்கேறிக்கொண்டு வந்தது. வீட்டு வாசலுக்கு வந்தால் கணவரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அந்த நேரத்தில் அவர் வருகிற வழக்கமே இல்லை. தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றார். டீக்கடையில் யாரோ கை குலுக்கினார்களாம்.

“நெஜமா?” என்றார்.

டாக்டரம்மா சொன்னபோது என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர். எல்லாம் தெரிந்த மனுஷர். அவர் கண்ணிலேயே அந்தக் கேள்வி அவ்வளவு ஆசையாக நின்றது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இல்லைங்க, அது கடல் சேறு, கடித்துப் பார்த்தேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார், பிறகு ஸ்கூட்டர் சீட்டின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். அம்மாவிடம் தான் சொல்வதாகச் சொன்னார். மண்ணைத் தின்றவள் நான், நானே சொல்கிறேன் என்று சேற்றுப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உண்மையைச் சொல்வதென்றால், எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை இல்லை என்பது எனக்குப் பழகிவிட்டது. இந்த அத்தையும் இல்லாமல் போய்விடுவாரோ என்பதுதான் பயம். மருமகள் என்றால் எதற்கு என்று எல்லா வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது.

அத்தை அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவர் கண்முன்னே கடித்து, கிண்ணத்தில் துப்பிக் காட்டினேன். இது என் வேலை, காலையில் செய்ததும் இதுதான் என்றேன். அத்தையின் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

“அப்ப ஒன்னும் இல்லியா புள்ள?”

“இல்ல அத்த. இனிமேலும் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. போன தடவையே சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்ல எங்களுக்கு மனசு வரல.”

அத்தை என்னைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அழுகைக்கும் தயாராக இருந்தேன். அவரோ விரலைப் பைக்குள் விட்டு, ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் வைத்துக் கடித்தார். நாலைந்து பல்தான் மிச்சம், அதில் சரியாக வைத்துக் கடித்தார்.

“நறநறங்குது” என்றார்.

எரிமலைச் சாம்பல் என்றேன். எந்த எரிமலை, எப்போது வெடித்தது என்று கேட்டார். மனுஷர் ஊரும் வீடும் கட்டுவதற்கு எவ்வளவோ முன்னால் என்றேன். இவ்வளவு பழைய மண்ணை எதற்காகத் தோண்டி எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தக் காலத்தில் மழை எப்படிப் பெய்தது என்று தெரிந்துகொள்ள என்றேன். அத்தை எழுந்து, கிண்ணத்தில் துப்பி, வாய் கொப்பளித்து, முந்தானையை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார்.

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். வேலியருகே அவருடைய குரல் கேட்டது. இத்தனை வருஷத் தீவு வாழ்க்கையிலும் அத்தையின் இந்தி ஆணா பெண்ணா என்று கவலைப்படாத இந்தி. “பச்சா நஹி ஹை. ஹம் கலத் தேக்கா. ஹமாரா பஹு கா காம் ஹை, மிட்டி கானா. சர்க்கார் பைசா தேத்தா ஹை.” பிள்ளை இல்லை, நான்தான் தப்பாகப் பார்த்தேன், மண் தின்பது என் மருமகளின் வேலை, அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. பெங்காலி அம்மா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார், பரிதாபமாகத்தான் இருக்கும். அத்தையின் குரல் உயர்ந்தது. எந்தக் காலத்து மழையையும் என் மருமகள் சொல்லிவிடுவாள், இந்தத் தெருவில் வேறு யாருக்காவது அது தெரியுமா என்று கேட்டார். வீட்டு வாசலில் என் கணவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

திரும்பி வரும்போது அத்தையின் கையில் பப்பாளி இருந்தது. பாதிதான். மறு பாதியை அந்த வீட்டுக் குழந்தைகள் தின்றுவிட்டார்களாம். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்கும் பழக்கம் அவருக்கு அதுவரை கிடையாது. விதையைச் சுரண்டிப் போட்டுவிட்டு, பழத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தட்டில் அடுக்கி என் முன்னால் வைத்தார்.

“தின்னு புள்ள. ஒனக்குத்தான் ரொம்பப் புடிக்குமே.”

அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான், அத்தை காத்திருந்தது முடிந்துபோனது என்று எனக்குப் புரிந்தது. சென்னையில் டாக்டர் அறையில் வராத அழுகை இங்கே அடுப்படியில் வந்தது. அழுதுகொண்டே தின்றேன். அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் தட்டு காலியாகிவிடும் என்று மகனைக் கூப்பிட்டார்.