பத்தியச் சோறு

என் வலது முட்டியை மாற்றிய டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகத்தான் சொன்னார். "தொடையில சதை கரையாம பாத்துக்கணும்மா. தினமும் முட்டை, மீன் சாப்பிடுங்க. இந்த புரோட்டீன் பவுடர் ரெண்டு வேளை. சதை இல்லன்னா புது முட்டி மட்டும் ஒண்ணும் பண்ணாது." மூன்று மாதத்தில் நான் கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீனுக்குச் சமைக்கத் திரும்பியாக வேண்டும். அதற்குமேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

என்னைப் பார்த்துக்கொள்ள பழவேற்காட்டிலிருந்து அக்கா வந்தாள். ஏரியில் இறால் பிடிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வந்ததும் முதல் வேலையாக எனக்குக் கவிச்சியை நிறுத்தினாள்.

"புண்ணு ஆறாம மீனு துண்ணா சீழ் வெச்சிக்கும். டாக்டருக்கு இன்னா, எழுதிக் குட்த்துட்டுப் பூடுவாரு. அவஸ்தைப்படப் போறது நீதான?"

எனக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும். அவள் கொண்டுவந்த இறால் என் மகனுக்கும் மருமகளுக்கும். வாசனை கட்டில் வரைக்கும் வரும். எரிச்சலில் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வேன். பவுடர் சூடு என்று அதையும் தரவில்லை. என்னைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பாலில் கலந்து கொடுத்தாள். எதிர் வீட்டுக்காரி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள். பார்க்க வந்தவர்கள் தெம்பாகத் திரும்பிப் போனார்கள், டப்பா பதினைந்து நாளில் காலி.

நானும் யோக்கியமில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பிறந்த வீட்டு ஆள் ஒருத்தி எனக்குத் தலை வாரி, முதுகு தேய்த்துவிட்டது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். தொடை நாளுக்கு நாள் சூம்பியது. "நீர் வத்துது, நல்லதுதான்" என்றாள் அக்கா.

மூன்றாம் மாதக் கடைசியில் கம்பெனி பஸ்ஸுக்குப் போய் நின்றேன். அக்காவும் கூட வந்தாள். வலது காலைப் படியில் வைத்து எம்பினேன். கால் வெடவெடவென்று ஆடியதே தவிர உடம்பு மேலே போகவில்லை. இடது முட்டியும் தேய்ந்ததுதான், அதை நம்பி ஏற முடியாது.

"யக்கா, கொஞ்சம் நவுந்துக்கோ, பஞ்ச் அடிக்க லேட்டாவுது" என்றாள் பின்னால் நின்ற பெண். நகர்ந்தேன். எல்லோரும் ஏறினார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த வாரமே என் வேலைக்கு வேறு ஒருத்தி வந்தாள்.

அன்று ரோட்டோரத்திலேயே அக்கா அழுதாள். "அப்பவே சொன்னேன், ஆப்பரேசனே வாணாம்னு. கேட்டியா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் முகம் சுளிக்காமல் என் மூத்திரத்தை அள்ளிக் கொட்டியவளிடம் என்னவென்று கத்துவது?

"ஆமாக்கா, நீ சொன்னத கேட்டிருக்கணும்" என்றேன்.