கொதிநீரில் கரைத்த பொடி

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாது, பாலைத் தயிராக்கும் பாக்டீரியா சூட்டில் செத்துவிடும். ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு இதை ஆண்டுதோறும் நடத்துகிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காதில் சீழ் வைத்ததற்கு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு. மறுபடி போனபோது உப்புச் சர்க்கரைக் கரைசலோடு புரோபயாடிக் பொடியும் தந்தார். எனக்குக் கிருமி என்றாலே பயம். கிண்ணம், கரண்டி எல்லாவற்றையும் கொதிக்க வைப்பேன். அந்தக் கொதிநீரிலேயே பொடியையும் கரைத்து, ஆறிய பிறகு புகட்டினேன்.

ஐந்து நாளாகியும் நிற்கவில்லை. நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் குழந்தையை அடுத்த தெரு அக்கா ஒருவர்தான் பார்த்துக்கொள்வார். ஒருநாள் முன்னதாகவே வீடு திரும்பினேன். வாசலில் உட்கார்ந்து மகளுக்கு மோர்ச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வயித்தால போற புள்ளைக்கு மோரா? எந்தத் தண்ணியில கரைச்சீங்க?"

"வீட்ல தோச்ச தயிர்தான் டீச்சர். எம் புள்ளைங்களுக்கும் இதான் குடுத்தேன்."

"அதுங்க வேற, இது வேற."

எதிர் வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. அக்கா முந்தானையால் மகளின் வாயைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து நடவு வேலைக்குப் போய்விட்டார். நான் விடுப்பு எடுத்தேன். வாசலில் வளையல் சத்தம் கேட்டாலே மகள் எழுந்து ஓடினாள்.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் கேட்டார். "பொடிய எதுல கலக்குறீங்க?"

"நல்லா கொதிக்கிற தண்ணியில டாக்டர்." பாராட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது உயிரோட இருக்கற பாக்டீரியாம்மா. ஆன்டிபயாடிக் வயித்துல இருக்கற நல்லதையும் சேத்துக் கொன்னுடும். அந்த எடத்துல கெட்டது பெருகாம இருக்கத்தான் இதக் குடுக்கறது. என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர்."

"எந்தப் பாடம்?"

தமிழ் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "சயின்ஸ்" என்றேன். அவர் பேனாவை மறுபடி எடுத்தார். மோர் கொடுக்கலாமா என்று கேட்டேன். "கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சா தாராளமா" என்றார்.

அன்றிலிருந்து ஆறிய நீரில் கலந்து கொடுத்தேன். சில நாளில் நின்றது. பொடியாலா, ஆன்டிபயாடிக் முடிந்ததாலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அக்காவை நான் சொன்ன சொல் மாறிவிடாது.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். காலில் காயாத சேற்றோடு நின்றார். என் கையில் ஒரு டம்ளர். வெறுங்கையோடு போகத் துணிவில்லை.

"உறைக்குக் கொஞ்சம் மோர் வேணும்க்கா."

"விளக்கு வச்சப்பறம் மோர் குடுக்க மாட்டோம். தெரியாதா டீச்சர்?"

தெரியும். "மோருக்கு வரலக்கா" என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தவர், "அன்னைக்கு நீங்க கொதிக்க வச்சு ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்ச தண்ணியிலதான் கரைச்சேன். சொல்ல விட்டீங்களா?" என்றார். "திட்டுனது தெருவுக்கே கேட்டுச்சு. இத மட்டும் வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்க."

மறுநாள் காலையில், நடவுக்குப் போகும் பெண்கள் வேனுக்காகக் காத்திருக்கும் இடத்துக்கு அதே டம்ளரோடு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். எதிர் வீட்டுப் பெண்களும் நின்றார்கள். தப்பு என்னுடையது, மோர் மேல் எந்தக் குறையும் இல்லை, அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று சொன்னேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கும் குரல் அங்கே பாதிப் பேருக்குத்தான் எட்டியிருக்கும்.

"பாடம் நடத்துறவங்களுக்கே பாடமா" என்று ஒருத்தி சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. மகள் அவரிடம் தாவினாள். ஒரு நிமிடம் இடுப்பில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். தன் தூக்குவாளியிலிருந்து கொஞ்சம் மோரை என் டம்ளரில் ஊற்றினார்.

"நடவு முடியட்டும், பாக்கலாம்" என்றவர், வேனில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தார். "பால ஆற வச்சு ஊத்துங்க டீச்சர்."