இடிக்காமல் விட்ட சுவர்

கொடைக்கானலில் முப்பது வருடம் கட்டட மேஸ்திரியாக இருந்தேன். புது வீட்டைக் கட்டிவிடலாம். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் கைவைப்பதுதான் பெரும்பாடு. இப்போது தொழிலுக்கு வருகிறவர்கள் பிளானை செல்போனில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காக, நாயுடுபுரத்தில் நான் அசடு வழிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் வீடு அது. சரிவில் கிடைத்த இடத்தில் அறை அறையாக ஒட்டவைத்துக் கட்டியது. நடுவில் காதரின் வயதான அப்பா, அவர்கள் வழக்கில் அத்தா, படுக்கும் அறை. ஒரு பக்கம் அடுப்படி, மறுபக்கம் பூண்டு மூட்டை அடுக்கிய ஸ்டோர் ரூம். பாத்ரூமுக்கு மட்டும் வெளியே ஐந்து படி இறங்க வேண்டும். மழையில் அந்தப் படியில் பெரியவர் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு தப்பியது அதிர்ஷ்டம். உள்ளேயே பாத்ரூம் அமையாவிட்டால் அவரைக் கீழே பழனியில் அவருடைய மகள் வீட்டில் விட்டுவிடுவதென்று காதர் முடிவு செய்திருந்தார். பெரியவருக்கு மலையை விட்டு இறங்க மனமில்லை.

டேப் பிடித்து அளந்தேன். அடுப்படியில் தண்ணீர் லைனும் டிரெயின் பைப்பும் ஏற்கெனவே இருந்தன. அடுப்பைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, அடுப்படிக்கும் பெரியவர் அறைக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்து வழிவிட்டால் பாத்ரூம் ரெடி. நாலு நாள் சோலி. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். பெரியவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலையைச் சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில் மறுநாள் ஆறரைக்கே ஆட்களோடு போய்விட்டேன். பெரியவர் போர்வையோடு அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து மருமகள் மும்தாஜ் வந்தார்.

"அண்ணே, சுத்தியல எடுக்குறதுக்கு முன்னாடி அந்தச் செவுத்துல கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு. வெயில் ஏறும்வரை மாமா இங்கேதான் உட்காருவார் என்றார். இதை நேற்றே சொன்னால் என்ன என்று பெரியவரிடம் கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன்.

"வேணாம்னா பழனிக்கு அனுப்பிருவாங்களேப்பா."

ஆட்களிடம் சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னேன். இத்தனை வருடமும் மூடுபனி விலகி, பத்து மணிக்கு மேல்தான் அளக்கப் போயிருக்கிறேன். அந்த நேரத்தில் எல்லாச் சுவரும் ஒரே சுவர்தான்.

கோட்டை அழித்துவிட்டு, பாத்ரூமுக்கு ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பினேன். அங்கே தரை ஒன்றரை அடி பள்ளம். மண் நிரப்பி, காங்கிரீட் போட்டு மேடாக்கினோம். செப்டிக் டேங்க் எதிர்ப்பக்கம் இருந்ததால் பைப்பை வீட்டைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நாலு நாள் பதினோரு நாளாகி, காதர் முகம் சுளித்தார். பூண்டு மூட்டைகளை மும்தாஜ் பரணுக்கு ஏற்றிவிட்டார். புதுக் கதவுக்கு நிலைப்படியே வைக்காமல் தரையைச் சமமாக்கி, பிடித்து நடக்கச் சுவரோடு கம்பி அடித்தேன்.

கடைசி நாள் கணுக்கால் தெரியக் கைலியைத் தூக்கிக்கொண்டு பெரியவர் தானே நடந்து போய்த் திரும்பினார். பழனி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட மனுசன், பழையபடி சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"அடுத்த வாரம் பழனிக்குப் போறேன் மேஸ்திரி. மகளப் பாத்துட்டு ரெண்டே நாள்ல வந்துருவேன்."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதிலிருந்து எந்த வீட்டையும் வெள்ளனே ஒருதடவை பார்க்காமல் நான் கோடு போட்டதில்லை. தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறப்பவர்கள் திட்டத்தான் செய்வார்கள். ஒரு டீயைக் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே, யார் எங்கே போய் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். டேப்பை அப்புறம் எடுக்கலாம்.