கோமதியைத் தொட்ட கை

செல்லக்கனியைக் கொன்றது என் கை. காய்ச்சல் என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்கள். தலையெழுத்து என்றான் அவள் புருஷன். இரண்டும் இல்லை… நான்தான்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த பிரசவ வார்டில் சுத்தத்துக்குப் பேர்போன நர்ஸ் நான். "இவளைக் கண்டு படிக்கணும்" என்று மேட்ரன் புதுப்பெண்களுக்கு என்னைக் காட்டுவாள். உள்ளூர எத்தனை பூரிப்பு எனக்கு!

அந்தச் சுத்தம் வலியசாலை அக்ரகாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து வந்தது. ஒரே நிபந்தனையில்தான் அம்மா என்னை இந்த வேலைக்கு விட்டாள். திரும்பி வந்ததும் கொல்லைப்புறமாக நுழைந்து, கிணற்றடியில் தலைமுழுகி, யூனிஃபாரத்தை நனைத்துப் போட்ட பிறகே அடுக்களைப் பக்கம் வரலாம். கழுவுவது என்றால் என்மேல் ஒட்டியதைப் போக்குவது என்றே மனத்தில் படிந்துவிட்டது. என்னிடமிருந்து இன்னொருத்திக்கு ஏதாவது ஒட்டும் என்று… ஒருநாளும் தோன்றியதில்லை.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். எங்கள் தெருக் கோமதி வார்டில் கிடந்தாள். பிள்ளை பெற்ற பின் மார்பில் கட்டி வந்து, கீறி விட்டிருந்தார்கள். அடுத்த கட்டிலில் செல்லக்கனி. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தவள்; ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்திருந்தார்கள்.

கையுறை தியேட்டருக்கே போதாத காலம். ஒவ்வொருத்தியையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவ வேண்டும் என்பது விதி. அன்று காலை கோமதியின் கட்டை அவிழ்த்தேன். பஞ்சு நனைந்து என் விரலெல்லாம் சீழ்.

"நீ இருக்கறச்சே எனக்கென்னடி பயம்," என்றாள்.

குழாய் நாலடி தூரத்தில் இருந்தது. ஆனால் அவள் கண்முன்னே சோப்புப் போட்டுக் கழுவினால் அருவருப்பு என்று நினைத்துக்கொள்வாளே, தெருவில் போய்ச் சொல்வாளே… தவிர, நம்மவள்தானே, அவளிடம் என்ன அழுக்கு! விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு, அப்படியே செல்லக்கனியின் தையலைத் தொட்டேன்.

அவளுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? நேரே குழாய்க்குப் போய், முழங்கைவரை சோப்புப் போட்டு, இரண்டு முறை கழுவினேன். லயத்துக்காரியைத் தொட்ட கையல்லவா! செல்லக்கனி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர் கை கழுவுறதப் பாத்தாலே மனசுக்குத் தைரியமா இருக்கு," என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. தையல் சிவந்து பிரிந்தது. ஊசிக்கெல்லாம் அடங்கவில்லை. இது எப்படி வந்திருக்கும் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியும். செல்லக்கனியின் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது…

"லயத்துலேந்து வந்தவளாக்கும் சார். சுத்தம் கம்மி," என்றேன்.

அவர் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆமாம், அப்பாடா என்றுதான்! பத்தாம் நாள் அவள் போய்விட்டாள்.

அவள் புருஷன் முத்தையா பிள்ளையைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டான். போகுமுன் என்னைத் தேடி வந்தான்.

"அவ சொல்லிக்கிட்டே கெடந்தா சிஸ்டர். அந்தம்மா நம்மளத் தொட்டா ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவுறாங்க, அம்புட்டு அக்கறைன்னு."

பிள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மறு கையை நெற்றிக்குத் தூக்கிக் கும்பிட்டான். நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

அதன் பிறகு ஒருத்தியையும் கழுவாமல் தொட்டதில்லை. பயிற்சிக்கு வந்த பெண்கள் கேட்பார்கள், "தொட்ட பிறகு கழுவுறது சரி, தொடறதுக்கு முன்னாடி எதுக்கு சிஸ்டர்?" புத்தகத்தில் உள்ள பதிலைச் சொல்வேன். அவர்களும் எழுதிக்கொள்வார்கள். செல்லக்கனியின் பேரை ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. மேட்ரனின் பாராட்டைக் கடைசிவரை வாங்கிக்கொண்டேன்… வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையே!

முத்தையாவிடம் சொல்லியிருக்கலாம். பொன்முடி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படும் என்பது எனக்குப் பாடம். எத்தனையோ நாள் அதன் அருகில் போய் நின்றிருக்கிறேன். ஏறியதில்லை.